சபித்தலும் வெறுத்தலும்



இன்று உங்களோடு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அஃது ஓர் ஆங்கில வினைச்சொல். ‘எக்ஸிக்ரேட்’ என்று ஒலிக்கப்பெறுவது. நாளிதழ்களில் அதனைக் காண்பது அரிது. பேச்சில் கேட்பது அதனினும் அரிது. பழைய வரலாற்று நூல்களையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களையும் படிப்பவர்கள் எப்போதோ ஒருமுறை அதனை எதிர்ப்படுவர். அகராதியைப் புரட்டினால் இரண்டு பொருள்கள் கிடைக்கும். சபித்தல் என்பது ஒன்று. மனம் குமட்டும் அளவுக்கு அருவருத்து வெறுத்தல் என்பது மற்றொன்று.

இவ்வளவு அரிய சொல்லுக்கு வானொலியில் ஒரு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் இந்தச் சொல்லிடம் நான் பட்ட கடன் ஒன்று உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1984-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்று மூன்றாம் ஆண்டு. பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலத் துணைப்பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கொடுங்கோல் மன்னன் ஒருவன் இறந்துபோகிறான். அவன் உடல் நகர வீதி வழியே எடுத்துச் செல்லப்படுகிறது. வழியின் இருபுறமும் நின்ற மக்கள் அவனை என்ன செய்தார்கள் என்ற இடத்தில் இந்த வினைச்சொல் வந்தது. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முறை எளியது. கரும்பலகையின் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், வாக்கியத்தில் அமைத்துக் காட்டிவிட்டு மேலே செல்க. நானும் அவ்வாறே வலப்பக்கத்தில் ‘வெறுத்தார்கள்’ என்று எழுதிவிட்டு மேலே சென்றேன்.

இடைத்தேர்வில் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தேன். ஒரே ஒரு மாணவன் மட்டும் ‘சபித்தார்கள்’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். போனது அரை மதிப்பெண்தான். மறுநாள் அவன் ஒரு பழைய அகராதியைக் கொண்டுவந்தான். அவனுடைய தாத்தா வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் வைத்திருந்த நூல். முதுகுத்துணி கிழிந்து, தையல் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. “சார், இதில் சபித்தல் என்றுதான் முதலில் போட்டிருக்கிறது” என்றான். நான் அந்த நூலைக் கையில் வாங்கவும் இல்லை. “வகுப்பில் சொன்னதை எழுது. அகராதியில் ஆயிரம் இருக்கும்” என்றேன். பையன்கள் சிலர் சிரித்தார்கள். “சரி சார்” என்று சொல்லிவிட்டு அவன் தன் இடத்திற்குப் போய் அமர்ந்தான். அடுத்த ஈராண்டும் அவன் என் மாணவனாக இருந்தான், நன்றாகவே படித்தான். ஆனால் என் வகுப்பில் அவன் பிறகு கையுயர்த்தி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அதனை நான் அப்போது கவனிக்கவும் இல்லை. பின்னாளில்தான் நினைவுக்கு வந்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம்.

இது லத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த சொல். வினைச்சொல்லாக ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது பதினாறாம் நூற்றாண்டில். இதன் பெயர்ச்சொல் வடிவமாகிய ‘எக்ஸிக்ரேஷன்’ அதற்கும் முன்னரே வந்துவிட்டது. லத்தீனில் ‘எக்ஸ்’ என்பதற்கு ‘வெளியே’ என்பது பொருள். எஞ்சிய பகுதி ‘ஸாக்கர்’ என்னும் சொல்லின் வழிவந்தது. ஸாக்கர் என்றால் தெய்வத்திற்கு உரியது, தூயது. ஆங்கிலத்தில் நீங்கள் நன்கறிந்த ‘ஸேக்ரெட்’, வேள்வியையும் தியாகத்தையும் குறிக்கும் ‘ஸாக்ரிஃபைஸ்’, கிறித்துவச் சமயத்தில் வழங்கும் ‘ஸாக்ரமெண்ட்’ ஆகிய எல்லாம் இந்த ஒரே வேரில் கிளைத்தவை. கோயிலைத் தெய்வத்திற்கு உரித்தாக்குவதைக் ‘கான்ஸிக்ரேட்’ என்பார்கள். நம் சொல் அதன் உடன்பிறப்பு. ஆனால் எதிர்த்திசையில் போனது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். ஸாக்கர் என்ற சொல்லுக்குத் தூயது என்ற பொருள் இருப்பது போலவே, சபிக்கப்பட்டது என்ற பொருளும் லத்தீனில் உண்டு. ஒரே சொல் இரண்டு துருவங்களையும் குறிக்கிறது. இது வியப்பாகத் தோன்றும். ஆனால் ரோமானியரின் கண்கொண்டு பார்த்தால் இதில் முரண் இல்லை. தெய்வத்திற்கு உரித்தாக்கப்பட்ட பொருளை மனிதர் தொடலாகாது. தெய்வத்தின் சினத்திற்கு ஒப்படைக்கப்பட்ட மனிதனையும் மனிதர் தம்மோடு சேர்த்துக்கொள்ளலாகாது. இரண்டுமே ஊர் வழக்கத்திற்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவை. பிரெஞ்சு மொழியில் இந்த இரட்டைத் தன்மை இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘ஸாக்ரே’ என்னும் அடைமொழி பெயர்ச்சொல்லுக்குப் பின்னே வந்தால் ‘தூய’ என்று பொருள்; முன்னே வந்தால் பெரும்பாலும் ‘பாழாய்ப்போன’ என்று திட்டுவதாகும்.

ரோமானியர் இதனைச் சொல்லளவில் நிறுத்தவில்லை; சட்டமாகவும் வைத்திருந்தனர். கி.மு. 450-ஐ ஒட்டி இயற்றப்பெற்ற பன்னிரு பலகைச் சட்டங்களில், தன்னை அண்டி வாழும் எளியவனை வஞ்சித்த புரவலன் ‘ஸாக்கர்’ ஆகக்கடவன் என்று ஒரு விதி இருந்ததாக நூல்கள் கூறுகின்றன. அவ்வாறு ஆனவனின் நிலை என்ன? அவனை எவரேனும் கொன்றால் அது கொலைக்குற்றம் ஆகாது. ஆனால் அவனைத் தெய்வத்திற்குப் பலியிடவும் கூடாது. சட்டத்தின் காப்பும் இல்லை. பலிபீடத்தின் மதிப்பும் இல்லை. ஒரு மனிதனை இவ்வாறு இரண்டு வாயில்களுக்கும் வெளியே நிறுத்திவிடுவதற்கு ஒரு சொல் போதுமாயிற்று. எளியவனை வஞ்சிப்பதற்கு அவர்கள் வைத்த தண்டனை இது என்பதையும் கவனியுங்கள்.

நம் வினைச்சொல் குறிக்கும் செயலை நேரில் பார்க்க வேண்டுமானால், கி.மு. 55-ஆம் ஆண்டின் இறுதியில் ரோம் நகர வாயிலுக்குப் போக வேண்டும். அந்நாளில் ரோமின் பெருஞ்செல்வர் கிராஸஸ். அவர் பார்த்தியரோடு போர் தொடுக்கப் புறப்பட்டார். பார்த்தியர் ரோமுக்குத் தீங்கு ஒன்றும் செய்தவர் அல்லர், உடன்படிக்கையில் இருந்தவர்கள். ஆதலின் மக்களில் பலருக்கு இந்தப் போர் பிடிக்கவில்லை. அதேயஸ் என்னும் மக்கள் பிரதிநிதி கிராஸஸைத் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. உடனே நகர வாயிலுக்கு ஓடினார். அங்கே ஒரு கணப்புச் சட்டியில் நெருப்பு மூட்டி, நறும்புகை இட்டு, கிராஸஸ் அருகில் வந்ததும், கேட்பதற்கே அச்சம் தரும் பழந்தெய்வங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துச் சாபம் கூறினார். கிராஸஸ் நிற்கவில்லை, சென்றார். கி.மு. 53-இல் கார்ரே என்னுமிடத்தில் அவருடைய படை அழிந்தது, அவரும் மாண்டார்.

இந்நிகழ்ச்சியை எழுதிய புளூட்டார்க் இதனோடு சேர்த்து வேறொன்றையும் சொல்கிறார். அந்தப் பழைய சாபங்களுக்கு உட்பட்டவன் தப்பியதில்லை என்று ரோமானியர் நம்பினர். ஆனால் அதனைச் சொன்னவனையும் அது விடாது என்றும் நம்பினர். ஆகையால் அதனை எளிதில் எவரும் எடுத்தாளமாட்டார்கள். அதேயஸையே ஊரார் குறை கூறினார்களாம். நகரத்தின் நன்மைக்காகச் சினந்தவர், அந்த நகரத்தின் தலையிலேயே சாபத்தை இழுத்து வைத்துவிட்டாரே என்பது அவர்கள் மனக்குறை. சாபம் என்பது இருபுறமும் கூரான கத்தி என்று கருதிய மக்களிடமிருந்து வந்த சொல் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு வந்ததைப் பேசுவது வேறு, இது வேறு. இதற்கு இடம் உண்டு, நெருப்பு உண்டு, சாட்சி உண்டு, சொல்பவன் ஏற்கும் ஆபத்தும் உண்டு.

இதே செயலை ரோமுக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எகிப்தியர் செய்தனர். அவர்கள் லத்தீன் அறியாதவர். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற ஒருவகை எழுத்துச் சான்றுகளுக்கு ஆங்கில அறிஞர்கள் பெயரிடும்போது நம் சொல்லையே தேர்ந்தெடுத்தனர். ‘எக்ஸிக்ரேஷன் டெக்ஸ்ட்ஸ்’ என்பது அவற்றின் பெயர். சாப எழுத்துகள் எனலாம். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எகிப்திய அரசர்களின் ஆட்கள் மட்கலங்களின் மேலும், கைகள் பின்னால் கட்டப்பட்ட களிமண் பொம்மைகளின் மேலும், பகைவர்களின் பெயர்களையும் ஊர்களின் பெயர்களையும் எழுதி, பின்னர் அவற்றை உடைத்துப் புதைத்தனர். கலம் உடைந்தது போலப் பகைவனும் உடைவான் என்பது நம்பிக்கை. உடைந்த ஓடுகளை ஒட்டவைத்துப் படித்து, ஜெர்மானிய அறிஞர் கூர்ட் ஸேத்தே 1926-இல் வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் ழோர்ழ் போஸனேர் 1940-இல் வேறொரு தொகுதியை வெளியிட்டார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஓடுகளில் காணும் ஊர்ப்பெயர்களுள் ஒன்று எருசலேம் என்று அறிஞருள் பெரும்பாலோர் கொள்வர். அந்த நகரத்தின் பெயர் எழுத்தில் காணக்கிடைக்கும் மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று. அழிந்துபோகட்டும் என்று எழுதி உடைத்தார்கள். அதனாலேயே அந்தப் பெயர் நமக்குக் கிடைத்தது. அங்கே குறிக்கப்பட்ட சிற்றரசர் பலருடைய பெயர்கள் வேறு எங்கும் இல்லை. அவர்களைச் சபித்தவர்களே அவர்களுக்குக் கல்வெட்டு எழுதியவர்களும் ஆயினர்.

அரசர்கள் மட்டும்தான் இவ்வாறு செய்தார்களா? இல்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் வெந்நீர் ஊற்று ஒன்று உள்ளது. ரோமானியர் அந்நாட்டை ஆண்ட காலத்தில் அங்கே சூலிஸ் மினர்வா என்னும் பெண்தெய்வத்திற்குக் கோயில் இருந்தது. 1979, 1980-ஆம் ஆண்டுகளில் அந்த ஊற்றின் அடியை அகழ்ந்தபோது, சுருட்டியும் மடித்தும் போடப்பட்ட ஈயத்தகடுகள் நிறையக் கிடைத்தன. ஏறத்தாழ 130 தகடுகள். ரோஜர் டாம்லின் என்னும் அறிஞர் அவற்றை அரிதின் முயன்று படித்து 1988-இல் வெளியிட்டார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை திருட்டுக்கொடுத்தவர்கள் தெய்வத்திடம் போட்ட வழக்குகள். ஒருவருக்கு மேலங்கி போயிற்று. இன்னொருவருக்குக் குளிக்கும்போது கழற்றிவைத்த ஆடை போயிற்று. தோக்கிமெதிஸ் என்பவருக்குப் போனது இரண்டு கையுறைகள். எடுத்தவன் அறிவையும் கண்களையும் இழக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்கிறார். திருடன் யாரென்று தெரியாதல்லவா? அதனால் பல தகடுகளில் ஆணோ பெண்ணோ, அடிமையோ உரிமையாளனோ என்று ஒருவரும் தப்பிவிடாதபடி வலை வீசியிருக்கிறார்கள்.

கையுறைக்குக் கண்களா என்று நாம் நகைக்கலாம். நானும் முதலில் நகைத்தேன். பிறகு யோசித்தேன். காவல் நிலையம் இல்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. குளிர்நாட்டில் ஒரே மேலங்கி. அதனை இழந்தவனுக்கு எஞ்சியிருந்தது ஒரு துண்டு ஈயமும் எழுதத் தெரிந்த ஒரு கையும்தான். சபித்தல் என்பது வலியவனின் ஆயுதம் மட்டும் அன்று. வேறு ஆயுதம் இல்லாதவனின் ஆயுதமும் ஆகும். என் துணைப்பாடக் கதையில் வீதியோரம் நின்ற மக்களை அப்போது நினைத்துக்கொண்டேன்.

சரி, இவ்வளவு வெப்பமான சொல் எப்படிக் குளிர்ந்தது? நெருப்பும் சாட்சியும் வேண்டிய ஒரு செயல், வெறும் மனவுணர்ச்சியாக எப்படிச் சுருங்கிற்று?

1755-இல் ஜான்ஸன் வெளியிட்ட ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லுக்குச் சபித்தல், தீமை வருமாறு வேண்டுதல் என்பவை முன்னே நிற்கின்றன. அருவருத்தல் பின்னே வருகிறது. இன்றைய அகராதிகள் சிலவற்றில் வரிசை தலைகீழாகிவிட்டது. அருவருத்தல் முன்னே வந்துவிட்டது. சபித்தலுக்குப் ‘பழைய வழக்கு’ என்ற குறிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. வக்கீல் குமாஸ்தாவின் பழைய அகராதியில் சபித்தல் முதலில் இருந்ததற்குக் காரணம் உங்களுக்கு விளங்கும்.

சொன்ன சொல் பலிக்கும் என்ற நம்பிக்கை தளர்ந்தபோது, சபித்தல் என்னும் செயலுக்கு வலிமை போயிற்று. ஆனால் அந்தச் செயலைத் தூண்டிய வெறுப்பு மனிதனிடமிருந்து போகவில்லை. ஆகவே சொல், செயலைக் கைவிட்டு உணர்ச்சியைப் பற்றிக்கொண்டது. கை தாழ்ந்தது, வாய் மூடிக்கொண்டது, நெஞ்சு மட்டும் கொதித்தது. இதே பாதையில் போன வேறு சொற்களும் ஆங்கிலத்தில் உள்ளன. ‘டிடெஸ்ட்’ என்னும் சொல்லை நீங்கள் அறிவீர்கள். மிக வெறுத்தல் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்குவீர்கள். அதன் உள்ளே இருப்பது ‘சாட்சி’ என்று பொருள்படும் லத்தீன் சொல். தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்துச் சபிப்பதே அதன் முதற்பொருள். ‘அபாமினேட்’ என்பதற்குள் இருப்பது ‘ஓமென்’, அதாவது சகுனம். தீய சகுனத்தைக் கண்டு விலகுவதைப் போல் விலகுதல் என்பது அதன் பொருள். ‘அப்ஹார்’ மட்டும் வேறு வகை. அதில் வாய்க்கு வேலை இல்லை. மயிர்க்கூச்செறிந்து பின்வாங்கும் உடலே அதன் பிறப்பிடம். நான்கையும் ‘வெறு’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடலாம். மூடினால் உள்ளே இருந்த சாட்சியும் சகுனமும் மயிர்க்கூச்சும் தெரியாமற் போகும்.

சகுனம் என்று சொன்னேன். இடைக்காலத்துப் புலவர்கள் ‘அபாமினேட்’ என்பதில் சகுனத்தைக் காணவில்லை. ‘ஹோமோ’, அதாவது மனிதன், என்னும் சொல் அதனுள் இருப்பதாக எண்ணி, மனிதத்தன்மைக்குப் புறம்பானது என்று பொருள் கொண்டனர். அதனால் அந்தச் சொல்லின் நடுவே ‘ஹெச்’ என்னும் எழுத்தையும் புகுத்தி எழுதினர். ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஹாலபர்னீஸ் என்று ஒரு பள்ளியாசிரியர் வருகிறார். அந்த எழுத்தை ஒலிக்காமல் விட்டுவிடுகிறவர்கள் மேல் அவருக்கு அடங்காத சினம். அவர் பெருமிதத்தோடு காத்து நின்ற எழுத்தோ தவறான எழுத்து. ஊரார் பேச்சே சரி. அந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் நான் சிரிப்பதுண்டு. என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் கொஞ்சம் குறைவாகவே சிரிப்பேன்.

நம் வினைச்சொல்லிலிருந்து வந்த அடைமொழியின் கதி இன்னும் பரிதாபமானது. ‘எக்ஸிக்ரபிள்’ என்றால் முன்னாளில் சாபத்திற்குரியது. இன்று மிக மட்டமானது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஓட்டல் காப்பி எக்ஸிக்ரபிள். நாடகத்தில் நடிப்பு எக்ஸிக்ரபிள். ரோம் நகர வாயிலில் நெருப்புச் சட்டியின் முன் நின்ற சொல், இன்று காப்பிக் கோப்பைக்கு வந்துவிட்டது.

ஆயினும் சாபத்தின் மேலுள்ள அச்சம் அடியோடு நீங்கிவிட்டது என்று சொல்லிவிட முடியுமா? இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் முற்காலத்தில் கொள்ளைக் குடும்பங்கள் பல இருந்தன. ஆடுமாடுகளைக் கவர்வதும் வீடுகளை எரிப்பதும் அவர்கள் தொழில். 1525-இல் கிளாஸ்கோ பேராயர் கேவின் டன்பார் அவர்கள்மேல் ஒரு நீண்ட சாபத்தை எழுதி, எல்லைப்புறத் தேவாலயங்களில் வாசிக்கச் செய்தார். தலை, முகம், மூளை, நாக்கு, பல் என்று உறுப்புறுப்பாகத் தொடங்கி, அவர்களது மாடு, ஏர், கொட்டில் வரை எதையும் விடவில்லை. 2001-இல் கார்லைல் நகரத்தார், அந்தச் சாபத்திலிருந்து 383 சொற்களைப் பதினான்கு டன் எடையுள்ள கருங்கல்லில் பொறித்து, ஒரு சுரங்க நடைபாதையில் வைத்தனர். கோர்டன் யங் என்னும் கலைஞர் வடித்தது அது. பழைய வரலாற்றின் நினைவுச் சின்னம், வேறொன்றுமில்லை.

ஆனால் அதே 2001-இல் அப்பகுதியில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியது. 2005 ஜனவரியில் நகருக்குள் பெருவெள்ளம் புகுந்தது. இடையே ஊர்க் கால்பந்துக் குழுவும் தோற்றுத் தாழ்ந்த பிரிவுக்குப் போயிற்று. கல் வந்ததிலிருந்துதான் இத்தனையும் என்று பேச்சு எழுந்தது. நகர மன்ற உறுப்பினர் ஒருவர் அந்தக் கல்லை அகற்றவோ உடைக்கவோ வேண்டும் என்று முறைப்படி தீர்மானமே கொண்டுவந்தார். மன்றம் அதனை ஏற்கவில்லை. கல் அங்கேயே இருந்தது. இருபத்தோராம் நூற்றாண்டில், கணிப்பொறியும் தொலைபேசியும் புழங்கும் ஊரில், ஒரு நகர மன்றம் கூடி ஒரு சாபத்தைப் பற்றி விவாதித்திருக்கிறது. அதேயஸைக் குறை கூறிய ரோமானியருக்கு இது வியப்பாக இருந்திராது.

இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? மொழிபெயர்ப்புத் தாளில் உங்களுக்கும் இந்த இடர் வரும். ‘வெறுத்தல்’ போதாது, பாகற்காயையும் நாம் வெறுக்கிறோம். அருவருத்தல் சில இடங்களில் பொருந்தும். சபித்தல் சில இடங்களில் பொருந்தும். அந்த வாக்கியத்திலும் அதன் முன்பின் வாக்கியங்களிலும் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வாய் திறக்கிறதா? கை உயர்கிறதா? எவரையேனும் சாட்சிக்கு அழைக்கிறார்களா? அப்படியானால் சபித்தலே. ஒன்றும் செய்யாமல் மனத்துக்குள் மட்டும் குமுறுகிறார்கள் என்றால் அருவருத்தல்.

சபித்தல் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது வடமொழி வழியாக நமக்கு வந்தது. சாபம், சபதம் என்னும் இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே. நான் இவ்வாறு செய்வேன் என்று தெய்வத்தின் முன் தன்னைக் கட்டிக்கொள்வது சபதம். உனக்கு இவ்வாறு ஆகட்டும் என்று பிறனைக் கட்டுவது சாபம். ஆங்கிலத்தில் ‘ஸ்வேர்’ என்னும் சொல்லும் சத்தியம் செய்வதையும் திட்டுவதையும் ஒருங்கே குறிக்கிறது. ‘டிடெஸ்ட்’ என்பதில் சாட்சி இருப்பதை முன்னரே கண்டோம். ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள மொழிகளில் சத்தியமும் சாபமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இதனை வகுப்பில் சொல்லியிருந்தால் நாற்பது பையன்களில் பத்துப் பேராவது வீட்டுக்குப் போய் யோசித்திருப்பார்கள். கரும்பலகையின் வலப்பக்கத்தில் அதற்கு இடம் இருந்தது. எனக்குத்தான் அப்போது தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள வாய்த்த வழியும் ஒரு பையன் கையில் கிழிந்த அகராதியாக என் மேசையருகே வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று.

2019-இல் ஒரு திருமணப் பந்தியில் அவனைக் கண்டேன். ‘அவரை’ என்றுதான் சொல்ல வேண்டும், தலை நரைத்திருந்தது. இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். வணங்கிவிட்டு என் பக்கத்து இலையில் அமர்ந்தார். இத்தனை ஆண்டுகளாக மனத்தில் கிடந்ததை நானே எடுத்துச் சொன்னேன். “தம்பி, அன்று உன் அகராதியை நான் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும்” என்றேன். மறந்திருப்பார் என்று எண்ணினேன். மறக்கவில்லை. “தாத்தா போன பிறகு அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார்கள் சார்” என்றார். சற்று நேரம் பேசாமல் சாப்பிட்டோம். பாயசம் வந்தபோது, “சார், ஒன்று கேட்கலாமா? அந்தக் கதையில் அந்த ஜனங்கள் உண்மையில் சபித்தார்களா, வெறுத்தார்களா?” என்றார்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி அது. எனக்கு விடை தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியந்தான் நினைவில் இருந்ததே தவிர, அதன் முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பது மறந்துபோயிருந்தது. பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன்.

பரணில் இருந்த மரப்பெட்டியில் பழைய துணைப்பாட நூல்கள் சில இருந்தன. இரண்டு நாள் தேடியபின் அது கிடைத்தது. அந்த வாக்கியத்திற்குச் சரியாக முந்திய வாக்கியத்தில், வீட்டு வாயில்களில் நின்ற பெண்கள் தெருமண்ணை ஒரு கைப்பிடி அள்ளி உயர்த்தி, தம் இறந்த புதல்வர்களின் பெயர்களை வானத்தை நோக்கி உரக்கச் சொன்னார்கள் என்று இருந்தது. கை உயர்ந்திருக்கிறது; வாய் திறந்திருக்கிறது; வானம் சாட்சியாக அழைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோராண்டும் அந்த வாக்கியத்தைப் படித்துக்காட்டிவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்திற்கு ‘வெறுத்தார்கள்’ என்று பொருள் சொல்லிவந்திருக்கிறேன்.

அன்று மாலையே ஓர் இன்லண்டு வாங்கி அவருக்கு எழுதினேன். அந்த வாக்கியத்தையும் அதன் முந்திய வாக்கியத்தையும் முழுமையாகப் பெயர்த்தெழுதி, ‘சபித்தார்கள்’ என்னும் விடையே சரியானது என்றும், கழித்த அரை மதிப்பெண் சேர்க்கப்பட்டது என்றும் சிவப்பு மையால் குறித்துக் கையொப்பமிட்டு, அஞ்சற்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.